வேகாத கல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஆச்சரியமான ஒரு விஷயத்தைச் சொன்னால், அது எனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். தெரியாவிட்டாலும் அப்படித்தான். என் மனைவி லீலா மேரி இதைக் கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ஊரார் கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் அரியலூருக்கு மேற்கே இருந்த அந்த ஊரில், மிஷன் பள்ளிக்கூடத்து அடைக்கலசாமி வாத்தியார் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணுக்குச் செய்ததைச் சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரியமுத்துவின் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும், காளவாய்ப் பொட்டலில் கல் உடைக்கிற பெண்களும், சூளை அடுக்குகிற ஆட்களும், வண்டிக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு முக்காலியோடு போய் நிற்பேன். பத்திரிகையில் படித்த அதிசயங்களைச் சொல்வேன். ஒற்றை ஆளாகச் சமுத்திரத்தைத் தாண்டிப் பறந்தவன், தோலைக் கிழிக்காமலே உள்ளே இருக்கும் எலும்பைப் படம் பிடிக்கிற கதிர், கடலுக்கு அடியில் இறங்கிப் பார்த்தவர்கள் என்று வாரத்துக்கு ஒன்று. கையோடு ஏதாவது சாமானும் கொண்டுபோவேன். பங்குச் சாமியாரிடம் இரவல் வாங்கிய பிளாஸ்க்கில் காலையில் ஊற்றிய காப்பி சாயங்காலமும் சுடுவதைக் காட்டியபோது, ஒரு வண்டிக்காரர் அதற்குள் நெருப்பு இருக்கிறதா என்று மோந்து பார்த்தார். கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் காதில் விழுந்தால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை காகிதத்தைக் கிண்ணமாக மடித்து, அதில் தண்ணீர் ஊற்றி, விளக்குச் சுடரின் மேல் பிடித்துக் கொதிக்கவைத்தேன். காகிதம் எரியவில்லை. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து செங்கமலம் என்கிற கல் உடைக்கும் பெண் மட்டும் ஒன்று கேட்டாள். தண்ணீர் வற்றிப்போனால் காகிதம் என்ன ஆகும் என்று. நான் அதை யோசித்ததே இல்லை. தண்ணீர் வற்றாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். தண்ணீர் வற்றியது, காகிதம் பற்றிக்கொண்டது, கீழே கிடந்த பாயும் ஒரு சாண் கருகியது. அந்தப் பாயை லீலா மேரி என் கண்ணில் படுகிற மாதிரியே விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. செங்கமலமும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் செத்துப்போய் மூன்று வருஷம். ஓடைப் பக்கம் கல் வெட்டிப் பொறுக்கிக் கூடையில் சுமந்து வந்து காளவாயில் கொட்டுவதுதான் பிழைப்பு. எந்தக் கல் சீக்கிரம் வேகும், எது பூவாக மலரும், எது கட்டி தட்டும் என்று கையில் எடுத்த உடனே சொல்லுவாள் என்று அரியமுத்துவே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவள் பொறுக்கிய கல் என்றால் நம்பி அடுக்கலாம் என்பார். அவளுக்கு ஊரில் இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

அந்தக் காளவாயில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அரியமுத்துவின் அப்பா வைத்த வழக்கம் என்றார்கள். ஒவ்வொரு பெண்ணும் தான் கொண்டுவந்த கல்லைத் தனிக் குவியலாகப் போட வேண்டும். காளவாயைப் பிரிக்கும்போது வேகாத கல் மிஞ்சி, அது கூடை நிரப்புவதற்காக வேண்டுமென்றே போட்டது என்று ஏற்பட்டால், அந்தக் கல்லை எவள் கொண்டுவந்தாளோ அவள் தலையில் வைப்பார்கள். தலைக்கும் கல்லுக்கும் நடுவே சும்மாடு கூடாது. எல்லாரும் பார்க்கக் காளவாயை மூன்று தரம் சுற்றி வந்து, கல்லைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட வேண்டும். அதற்கப்புறம் அவளுக்கு அங்கே வேலை கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் மாசி மாதம். ஒரு சனிக்கிழமை நான் முக்காலியோடு போனபோது, காளவாய் பிரித்துப் போட்டிருந்தது. வெந்த சுண்ணாம்பு ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. இன்னொரு பக்கம் வேகாத கல் ஐந்தாறு, கரி பிடித்து, அப்படியே முழுசாகக் கிடந்தன. அதில் பெரியது ஒன்று, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். அதைச் சுற்றித்தான் கூட்டம். நடுவில் செங்கமலம் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெரிய கல் அவளுடைய குவியலில் இருந்ததுதான். அதை அவள் மறுக்கவில்லை. வேகாது என்று தெரிந்து குவியலுக்கு அந்தப் பக்கம் தனியாக ஒதுக்கி வைத்திருந்ததாகவும், சூளை அடுக்கினவர்கள் பார்க்காமல் அள்ளிப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். அடுக்கினவர்கள் அப்படி எதுவும் ஒதுங்கிக் கிடக்கவில்லை என்றார்கள். வேகாது என்று தெரிந்தால் எதற்காகச் சுமந்து வந்தாய் என்று அரியமுத்து கேட்டார்.

"அது கல்லு இல்லீங்க, மரம்" என்றாள் செங்கமலம். "ஓடையில மரமாட்டம் நீட்டா கெடக்கு. பட்டை இருக்கு, கணு இருக்கு, உள்ளாற வளையம் இருக்கு. எப்படியோ கல்லாயிருக்கு. சனிக்கிழமை சார்கிட்ட காட்டலாம்னுதான் கொண்டாந்தேன்."

அரியமுத்து கெட்டவர் இல்லை. அவளைப் போன்ற ஒரு வேலைக்காரியை இழக்க அவருக்கும் மனசு இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. இதோ சார் வந்துவிட்டார், சார் சொல்லட்டும் என்றார். இது மரம்தான் என்று சார் சொன்னால் இவள் காட்டக் கொண்டுவந்தது நிஜம். வெறும் கல் என்றால் கூடை நிரப்பியதுதான். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. செங்கமலமும் தலையை ஆட்டினாள். இன்றைக்கும் என்னால் மறக்க முடியாதது அந்தத் தலையாட்டல்தான். அவள் என்னை நம்பியிருக்கிறாள்.

மரம் கல்லாகும் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. நான் படிக்காதது ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. முதலில் சிரித்தேன். "மரம்னா பூவும் காயும் எங்க? காய்ச்சதும் எனக்கு ரெண்டு குடும்மா" என்று சொன்னேன். பொட்டலே சிரித்தது. பிறகு பையிலிருந்து திராவகச் சீசாவை எடுத்தேன். சுண்ணாம்புக் கல் ஒன்றின் மேல் ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. கூட்டம் ஆகா என்றது. அவளுடைய கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஈரமாகக் கிடந்தது. அதற்கப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்து, குனிந்து, உடைந்திருந்த பக்கத்தை ஒரு தரம் பார்த்தேன். நிமிர்ந்து, "வெறும் கல்லு" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு சொல்.

சுண்ணாம்பு இல்லை என்பதற்குத்தான் அந்தச் சொட்டு சாட்சி. மரம் இல்லை என்பதற்கு அது சாட்சியே இல்லை. பத்து வயதுப் பிள்ளை பரீட்சையில் இப்படி எழுதினால் நானே தப்பென்று சுழித்திருப்பேன். ஆனால் நுரை பார்த்த கூட்டத்துக்கு அது போதும். எனக்கும் போதும் என்றிருந்தது.

இரண்டு பேர் தூக்கி அந்தக் கல்லை அவள் தலையில் வைத்தார்கள். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காளவாயைச் சுற்றினாள். முதல் சுற்றில் சிலர் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் சும்மா இருந்தார்கள். மூன்றாவது சுற்றில் அவள் நெற்றியில் கரியும் வியர்வையும் கலந்து ஒழுகியது. அப்படியே தன் குடிசைப் பக்கம் போய்விட்டாள். நான் முக்காலியைப் போட்டு, அன்றைக்குக் காட்டுவதற்குக் கொண்டுபோயிருந்த காந்தத்தைக் காட்டினேன். ஆணிகள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. கைதட்டினார்கள்.

என் கேலி எனக்கு முன்னால் ஊரெல்லாம் போய்விட்டது. செங்கமலம் கிணற்றடிக்குப் போனால் மரம் பூத்துவிட்டதா என்பார்கள். கடைக்குப் போனால் காய்த்துவிட்டதா என்பார்கள். சுற்றுவட்டாரத்துக் காளவாய்களில் அவளை யாரும் சேர்க்கவில்லை. கூடையில் கல் போட்டவள் என்கிற பேச்சு எட்டு மைல் தூரம் போயிருந்தது. சித்திரை பிறப்பதற்குள் குடிசையைப் பூட்டிவிட்டு, சிறுவாச்சூரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஊரில் எது நடந்தாலும் தெரிந்துவைத்திருப்பவன் அல்லவா நான்.

நாற்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் ஒரு பழைய பத்திரிகை கைக்கு வந்தது. விஞ்ஞானப் பக்கத்தில் ஒரு செய்தி. பெரம்பலூருக்குத் தெற்கே, சாத்தனூர் ஓடையில், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலடியில் புதைந்து கல்லாகிப்போன ஒரு பெரிய மரம் கிடக்கிறது என்று அரசாங்கத்து நிலவியல்காரர்கள் கண்டறிந்திருக்கிறார்களாம். மரத்துக்குள் மணலில் இருக்கிற சிலிகாச் சத்து ஊறி ஊறி, மரம் போய்க் கல் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். பட்டையும் கணுவும் வளையமும் அப்படியே இருக்குமாம். படித்து முடித்தேன். பத்திரிகையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் படித்தேன்.

அப்போது ஒரு நல்ல மனுஷன் என்ன செய்திருப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். கல்லான மரங்களைப் பற்றி மூன்று பக்கம். அதில் ஒரு வரி: 'எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில் இத்தகைய கல் ஒன்றை இரண்டாண்டுகளுக்கு முன்பே நான் திராவகமிட்டுச் சோதித்திருக்கிறேன்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படிப் பொய் இல்லாமல் எழுத ஒரு ராத்திரி முழுக்க அடித்துத் திருத்தியிருந்தேன். திருச்சியிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையில் அது அச்சாகியும் வந்துவிட்டது.

அரியமுத்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நம்ம காளவாய் புத்தகத்தில் வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எழுதப்படிக்கத் தெரியாதவர், யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு மாலை போடப்போவதாகச் சொன்னார். அந்தக் கல் யார் தலையில் ஏறியது என்பது அவருக்கு ஞாபகம் வரவே இல்லை. எனக்கு வந்தது. வந்தும், மாலையெல்லாம் எதற்கு என்று சிரித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது லீலா மேரி பத்திரிகையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"சோதிச்சீங்க, சரி. சோதிச்சு என்ன சொன்னீங்கன்னு போடலையே" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்திரிகை விஷயமெல்லாம் உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தின வாயோடு என்னால் அந்தச் சோற்றைச் சாப்பிட முடியவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற பஸ். சாதாரண நாளாக இருந்தால் இறங்கிப் போய் அந்த அடுப்பைப் பற்றி டிரைவருக்கே பாடம் நடத்தியிருப்பேன். அன்றைக்கு மேடு வந்தபோதெல்லாம் எல்லாரையும் போல இறங்கித் தள்ளினேன். பெரம்பலூரில் வேறு பஸ் மாறி, இறங்கி நடந்து, சாத்தனூர் ஓடைக்குப் போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது.

மரம் கிடந்தது. சாய்ந்த மரம் சாய்ந்தபடியே கிடப்பது போல, ஓடைக் கரையில் நெடுக. கிட்டே போனால் பட்டையில் வெடிப்பு தெரிந்தது. கிளை ஒடிந்த இடத்தில் கணு இருந்தது. கையை வைத்தால் கல், சில்லென்று. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் இதை எப்போது கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். தனக்கு விவரம் தெரிந்த நாளாய் இதன் மேல் உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பதாகச் சொன்னாள். யாரோ துரைமார் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னாள்.

உடைந்திருந்த ஒரு பக்கத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வளையம் வளையமாக ஓடியது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். புதிதாக ஒன்றைப் பார்த்த அதிர்ச்சி இல்லை அது. அதை நான் முன்பே பார்த்திருந்தேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காளவாய்ப் பொட்டலில் குனிந்து பார்த்தேனே, அப்போதே தெரிந்தது. கரிக்கு நடுவில், உடைந்த பக்கத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தாறு வளையம். கல்லில் அப்படி வளையம் நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் நான் சிரித்து முடித்திருந்தேன், காயைக் கேட்டிருந்தேன், திராவகமும் விட்டிருந்தேன். கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சுக்குப் பயந்துகொண்டு, கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொன்னேன். தெரியாமல் செய்த தப்பு என்று இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தது சுத்தப் பொய்.

சிறுவாச்சூருக்கு நடந்தேன். செங்கமலத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. திருச்சி ரோட்டு ஓரத்தில், காளி கோயிலுக்குப் போகிற வழி பிரியும் இடத்தில், ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. வாங்க சார் என்றாள், இரண்டு கல் உடைத்தாள், பிறகு நிறுத்தினாள்.

நான் வரும் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். சாத்தனூர் மரத்தைப் பற்றிச் சொன்னேன். விஞ்ஞானம் வளர்ந்துகொண்டே போகிறது என்றும், அன்றைக்கு நமக்குத் தெரியாதது இன்றைக்குத் தெரிகிறது என்றும் சொன்னேன். அவள் சொன்னதுதான் சரி என்று ஏற்பட்டுவிட்டது என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மரம் கல்லாகும் என்ற சேதியில் அவளுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

"அன்னைக்குக் கண்ணாடிய வச்சுப் பாத்தீங்கல்ல சார்" என்றாள். "என்ன தெரிஞ்சுது?"

ரோட்டில் ஒரு வண்டி போயிற்று. நான் ஓரமாக ஒதுங்கி, அவள் உடைத்த ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வளையம் தெரிஞ்சுதும்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும் சார். கல்லப் பாக்க எனக்கு என்ன இருக்கு, நான் உங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். தெரிஞ்சு போச்சு, சொல்லிருவாருன்னு நெனச்சேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நடுரோட்டில் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறே இருக்கிறது. மன்னித்துவிடு என்றேன். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுகிறேன், அவள் பேரைப் போட்டு எழுதுகிறேன் என்றேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுதினால் தனக்குப் படிக்கத் தெரியாது என்றாள். காளவாய்க்காரர்களுக்கும் தெரியாது என்றாள்.

"எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க சார்" என்றாள். "நான் வந்து கேட்டுக்கறேன்."

சனிக்கிழமை வந்தது. காலையில் அவளுடைய குடிசைக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கல் அங்கேயே இருந்தது. துணி துவைக்கப் போட்டிருக்கிறாள். அதற்கப்புறம் இரண்டு வருஷ மழையும் அதைக் கழுவியிருந்தது. கரியெல்லாம் போய், கண்ணாடி இல்லாமலே வளையம் தெரிந்தது. ஒரு கை வண்டி பிடித்துப் பொட்டலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். எங்கே போகிறீர்கள் என்று லீலா மேரி கேட்கவில்லை. சலவை ஜிப்பாவை எடுத்து வைத்திருந்தாள். பழசு போதும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். அரியமுத்து கையில் சாமந்தி மாலை. செங்கமலம் தம்பியோடு வந்து, பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் முக்காலியின் மேலிருந்த கல்லையே பார்த்தார்கள்.

நான் சுருக்கமாகச் சொன்னேன். நீட்டினால் அழகாகப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்கே பயம். இது மரம்தான் என்றேன். செங்கமலம் அன்றைக்கே சொன்னாள், அவள் சொன்னது அத்தனையும் நிஜம் என்றேன்.

"நான் கண்ணாடியில பாத்தேன். வளையம் இருந்துச்சு. பாத்துட்டு இல்லைன்னு சொன்னேன். அவ கூடைய நெரப்பல. நான்தான் பொய் சொன்னேன்."

எங்கே காறித் துப்புவார்களோ என்று நின்றேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரியமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்றார். இந்தக் காலத்தில் யார் இப்படி ஒப்புக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கோடி வருஷத்து மரமாம், நம்ம ஓடையிலாம் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் என் வெட்கத்தைக் கொண்டுவந்து கொட்டினால், அதுவும் இன்னொரு சனிக்கிழமை அதிசயமாகிவிட்டது. மாலை என் கழுத்தில் விழுந்தது.

அதைக் கழற்றி முக்காலியில் வைத்தேன். குனிந்து கல்லைத் தூக்கினேன். ஒற்றை ஆளால் முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்தார்கள். என்னையறியாமல் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்திருந்தேன். செங்கமலத்தின் கண் அந்தத் துண்டின் மேல் இருந்தது. அதை உருவிக் கீழே போட்டேன். கல் தலையில் உட்கார்ந்ததும் கழுத்து உள்ளே இறங்கியது போல இருந்தது. நடந்தேன்.

நான் என்ன செய்கிறேன் என்று கூட்டத்துக்குப் புரியவில்லை. வாத்தியார் ஏதோ புதுச் சாகசம் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். வேட்டி தடுக்கும்போதெல்லாம் உற்சாகப்படுத்தினார்கள். காளவாய்க்குப் பின்பக்கம் கரியும் சாம்பலுமாகக் கால் புதைந்தது. கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அன்றைக்கு ஒரு முறைகூடத் தடுமாறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றையும் எப்படியோ நடந்தேன். முன்பக்கம் வந்து சேர்ந்தபோது கண் இருட்டியது. அரியமுத்து ஓடி வந்து, போதும் சார், போதும் என்று இன்னொருவரோடு சேர்ந்து கல்லைத் தலையிலிருந்து இறக்கினார். எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். லீலா மேரி மட்டும் தட்டவில்லை. நானும் போதும் என்றுதான் நினைத்தேன். இத்தனை போதாதா என்றுகூட மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடியது.

கைதட்டல் அடங்குகிற வரைக்கும் செங்கமலம் பொறுத்திருந்தாள். பிறகு பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டுதான் ஆச்சு, சார்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. பாதியில் நின்ற ஒரு வேலையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அரியமுத்து அவளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் தெரிந்தது. ஒருவர் கையில் இருந்த பீடியைக் கீழே போட்டார்.

நான் தலையைக் குனிந்தேன். அரியமுத்து தானே முன்வந்து, இன்னொருவரோடு சேர்ந்து கல்லைத் தூக்கி மறுபடியும் என் தலையில் வைத்தார். மூன்றாவது சுற்றுக்கு யாரும் கைதட்டவில்லை.